பட்டம் பெற்ற பின்

பட்டமளிப்பு விழா நாள் மாணாக்கர் வாழ்வில் ஒரு பெருநாள் என்பதை மறுப்பார் இலர். ஆயினும், பட்டத்தின் பயன் யாது என்பது அந்நாளிலேயே விளங்குவதன்று. பல்லாண்டு கழித்துத் திரும்பி நோக்குவார்க்கே அது விளங்கும். யாம் இன்னும் பட்டம் பெற்றிலேம். ஆதலின், முன்னர்ப் பெற்றாரை நோக்கி அறிவதே எமக்குரிய வழியாகும்.

எம் அன்னையார் தமிழில் பீ.ஏ. பட்டம் பெற்றவர். உடன் பயின்ற தோழியர் கறுப்பு அங்கி அணிந்து விழாமண்டபத்தில் நின்ற அன்று, அவர் நோயுற்ற தம் தந்தையாரின் கட்டிலருகே இருந்தார். சான்றிதழ் பின்னர்த் தபாலில் வந்தது. விவாகத்தின் பின் அவர் உத்தியோகம் எதற்கும் சென்றிலர். அச்சான்றிதழ் எம் இல்லத்துச் சுவரில் தொங்கவில்லை; ஞானஸ்நானச் சீட்டுகளோடு பெட்டியின் அடியிற் கிடக்கின்றது.

"இப்பட்டத்தால் விளைந்தது யாது?" என உறவினர் சிலர் எம் செவிபடவே கூறியதுண்டு. அச்சொல் எம்மையும் சுட்டது. யாமும் தமிழ் ஆனர்ஸ் வகுப்பிலேயே பயில்கின்றேம் அன்றோ!

ஆயின் யாம் கண்டதொன்று உண்டு. மாலைதோறும் அண்டை வீட்டுப் பெண்பிள்ளைகள் நால்வர் ஐவர் எம் திண்ணையிற் கூடுவர். அவருள் ஒருத்தி தமிழ்ப் பரீட்சையில் இருமுறை தவறிப் படிப்பையே விட்டவள். அன்னையார் எழுத்துப்பிழை திருத்துவது முதலாகப் புணர்ச்சி விதி ஈறாக அவளுக்குப் பொறுமையோடு கற்பித்தார். பொருள் ஒன்றும் பெற்றிலர். இவ்வாண்டு அவள் கலாசாலை மாணவி.

விழாவிற்குச் செல்லாமை குறித்து வருத்தம் உண்டோ என அன்னையாரை ஒருநாள் வினவினேம். "அன்றைக்கு அழுதேன், அம்மா. ஆனால் அந்த அங்கி வாடகை அங்கி. சாயங்காலமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். படித்ததை யார் திருப்பிக் கேட்கப் போகிறார்கள்?" என்றார்.

இஃது எம் இல்லத்திற்கு மட்டும் உரிய செய்தியன்று. யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளை அவர்கள், வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனார் நடத்திய செமினரியிற் பயின்றவர். 1857-இல் நிறுவப்பெற்ற சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவர். கல்வி அவருக்கு அரசாங்க உத்தியோகம் தந்தது. எனினும் தமிழ் மாணாக்கர் இன்று அவரை நினைப்பது அது கருதியன்று. உத்தியோகத்தினிடையிலும் ஓய்வுற்ற பின்னும், தொட்டால் ஒடியும் ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கி, 1881-இல் வீரசோழியத்தையும், 1885-இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1887-இல் கலித்தொகையையும் அவர் அச்சேற்றினார். பட்டத்திற்கும் கலித்தொகைக்கும் இடையே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் சென்றன. பட்டம் பெற்ற அன்று அவரை வாழ்த்தினோர் இதனை எதிர்நோக்கியிருத்தல் அரிது.

யாம் பட்டம் பெறுங்கால் அன்னையாரையும் விழாமண்டபத்திற்கு அழைத்துச் செல்ல எண்ணியுள்ளேம். உடன் பயிலும் நண்பர்காள்! இருபதாண்டு கழித்து நம்மையும் ஒருவர், "விளைந்தது யாது?" என வினவுவர். அன்று அங்கி அணிந்த படத்தைக் காட்டி அமையாது, நம் கல்வியால் வாழ்வு பெற்றார் ஒருவரையேனும் காட்டும் பேறு நமக்கு வாய்ப்பதாக!