'டக்' சத்தத்துக்கு ஒரு மரியாதை

எங்கள் மல்லாங்கிணறு வெயிலில் ஃப்ரிட்ஜும் புது மாப்பிள்ளை மாதிரி. கொஞ்சம் சூடானால் கோபித்துக்கொண்டு நின்றுவிடும். கம்ப்ரஸர் பக்கம் 'டக்' என்று சத்தம் கேட்டால், ஓவர்லோடு வேலை செய்கிறது என்று அர்த்தம். உள்ளே இரண்டு உலோகங்கள் ஒட்டிய சின்னத் தகடு. வோல்டேஜ் இறங்கி கரண்ட் அதிகம் இழுத்தால், சூட்டில் வளைந்து இணைப்பைத் துண்டிக்கும். ஆறியதும் தானே சேரும்.

போன கோடையில் வந்த மெக்கானிக், "ஓவர்லோடைத் தூக்கிட்டு டைரக்டா குடுத்துரவா சார்? தொல்லை விட்டுச்சு!" என்றார்.

"பட்டாசு ஜில்லாவுல இருந்துகிட்டு இப்படிச் சொல்லலாமாண்ணே? கம்ப்ரஸர் எரிஞ்சா?" என்றேன். மீட்டர் வைத்துப் பார்த்தார். 230 இருக்கவேண்டிய இடத்தில் 160 வோல்ட்! ஸ்டெபிலைசர் வாங்கினேன், 'டக்' நின்றது.

ஐஸ் கட்டினாலும் அவசரம் ஆகாது. ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் தெர்மோஸ்டாட் குமிழ் நடுவே பட்டன் இருக்கும். அழுத்தினால் கம்ப்ரஸர் நிற்கும். ஐஸ் உருகியதும் பட்டன் தானே வெளியே வரும். கத்தியால் குத்தினால் அலுமினியம் ஓட்டை, கேஸ் காலி.

கனடாவில் வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப்பும் இப்படித்தான். வெளிக் காயிலில் பனி படிந்தால், கொஞ்ச நேரம் ஏ.ஸி.யாக மாறி, வீட்டுச் சூட்டை வெளியே அனுப்பி உருக்கிக்கொள்ளும். "அத்தான், மெஷின்ல புகை வருது!" என்று போனில் அலறினான் அங்கிருக்கும் மச்சினன். புகை இல்லை, ஆவி!

நமக்கும் ஓர் ஓவர்லோடு உண்டு. பெயர், ஞாயிற்றுக்கிழமை. அதையும் 'டைரக்ட்' பண்ணச் சொல்லும் மானேஜருக்கு இந்தப் பக்கத்தை மடித்துக் கொடுங்கள்!