சாளை மீனும் சத்து மாத்திரையும்

பாறசாலையிலுள்ள எங்கள் இல்லத்திற்கும் களியக்காவிளைச் சந்தைக்கும் நெடுந்தூரமன்று. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் விளவங்கோடு தாலுகா தமிழகத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. ஆயினும் சாளை மீனுக்கு இருபுறமும் பெயர் ஒன்றே. எங்கள் இளைய மகனின் பொருட்டு நாங்கள் எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் அலைந்தது மீனுக்காக அன்று, மருந்துக்காக.

எட்டு வயதுப் பிள்ளை. ஓரிடத்தில் அமரான், எழுதத் தொடங்கியதை முடியான், பென்சிலைத் தொலைக்காத நாளில்லை. வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் சேர்ந்து விளைத்த குழப்பம் என்றனர் சிலர். இருமொழி இக்குறைக்குக் காரணமாகாது என்பதைப் பின்னரே அறிந்தோம். உறவினர் ஒருவர் வல்லாரைச் சாறு என்றார். மற்றொருவர் பிரம்மி நெய் என்றார். (இங்கே பிரம்மி என்றால் நீர்ப்பிரம்மி, வடநாட்டில் பல இடங்களில் வல்லாரைக்கே அப்பெயர். எது எதுவென்று அறியாமலே இரண்டையும் புகட்டினோம்!) போதாதென்று மீனெண்ணெய் மாத்திரையும் வாங்கினோம். ஏழு மாதங்கள் இவ்வாறு வீணாயின. அத்தவறு எங்களுடையதே.

நிற்க. திருவனந்தபுரத்தில் குழந்தை மருத்துவர் ஒருவரைக் கண்டோம். அந்த அம்மையார் எங்கள் பையிலிருந்த குப்பிகளை மேசைமேல் வரிசையாக வைத்தார். "சாளை தின்கிற பிள்ளைக்குக் குப்பியில் எதற்கு மீன்?" என்று நகைத்தார். பின்னர்ப் பொறுமையாக விளக்கினார். மீனெண்ணெய் போன்ற கொழுப்புச் சத்துகளைப் பற்றிய 37 சோதனைகளைக் காக்ரேன் என்னும் அமைப்பு 2023-இல் தொகுத்து ஆராய்ந்தது; பெற்றோரின் கணிப்பில் பிள்ளைகளின் கவனமின்மையோ துடிப்போ அவற்றால் குறையவில்லை. இரும்புச் சத்து உடலில் குறைந்திருந்தால் கொடுக்கத் தக்கது; அளவு மீறினாலோ சிறு குழந்தையின் உயிருக்கே ஆபத்து.

எங்கள் மகனின் இரத்தத்தைச் சோதித்ததில் இரும்பு குறைவாகவே இருந்தது. அவர் குறித்த அளவில் கொடுத்தோம். முகத்தின் வெளுப்பு நீங்கியது, துடிப்பு நீங்கவில்லை.

மூளைக்கு மருந்து என்றதும் நாங்கள் அஞ்சி மறுத்தோம். அவர் வற்புறுத்தவில்லை. பெற்றோருக்குரிய பயிற்சிக்கு எங்களை வரச் சொன்னார். பிள்ளையை முன்வரிசையில் அமர்த்தி, வேலையைச் சிறு சிறு பகுதிகளாகக் கொடுக்கும்படி ஆசிரியைக்குக் கடிதம் தந்தார். ஓரளவு பயன் தெரிந்தது. மூன்று திங்கள் கழித்து மீதைல்பெனிடேட் மருந்துக்கும் இசைந்தோம். பசி சற்றே குறைந்தது. ஆதலால் எடையையும் உயரத்தையும் தவறாமல் அளந்து வருகிறார்கள்.

சென்ற வாரம் அவன் இடையில் எழாமல் ஒரு பக்கம் முழுவதும் எழுதி முடித்தான், அதுவும் தமிழில். அவனுடைய ஆச்சி இன்னமும் வல்லாரை பறிக்கிறார்; துவையலுக்கு.