ஓடைகளைக் கடந்து சதுரகிரி

கோச்சடை முத்தையா சுவாமியை வணங்கி விடியுமுன் புறப்படும் குடும்பங்கள், திருமங்கலம், தே.கல்லுப்பட்டி, வத்திராயிருப்பு வழியே தாணிப்பாறையை அடைகின்றன. அதன்பின் சுந்தரமகாலிங்கர் சந்நிதி வரை நடைதான்.

பாதை பெரும்பாலும் ஓடையின் ஓரம். சிலவிடங்களில் ஓடையே பாதை. மாங்கேணி ஓடை, பெயருக்கேற்ப வழுக்கும் வழுக்குப்பாறை, கோரக்கர் குகை, இரட்டை லிங்கம், பிலாவடிக் கருப்பர் எனப் படிப்படியாய் ஏற வேண்டும். மழையில்லா நாளில் கணுக்கால்கூட நனையாது. உச்சியில் மழை கொட்டினாலோ, கீழே வானம் தெளிந்திருக்கும்போதே வெள்ளம் பாய்ந்து வரும். 2015 மே மாதம் அமாவாசைக்கு வந்த அன்பர்கள் சிலரின் உயிரை அவ்வாறுதான் அது கொண்டுபோயிற்று. மழைநாளில் வனத்துறை வழியை மறிப்பதைக் குறைகூறுவோர் உண்டு. எமக்கு அது இறைவன் நீட்டிய கையாகவே படுகிறது.

சென்ற ஆவணியில் எழுபது வயதுத் தாயாருடனும் பத்து வயது மகளுடனும் சென்றோம். மாங்கேணி ஓடையை நெருங்கியபோது தெளிந்த நீர் செந்நிறமாய்க் கலங்கிற்று. சருகுகள் சுழன்று வந்தன. காவலர் குறுக்கே கயிறு கட்டினார்.

“இவ்வளவு தூரம் வந்தும் சாமியைப் பார்க்க முடியாதா, அப்பத்தா?” என்று மகள் கண்கலங்கினாள்.

தாயார் செருப்பைக் கழற்றிவிட்டு, மலையை நோக்கிக் கைகூப்பினார். “நாம வந்தது அவருக்குத் தெரியும், கண்ணு. தண்ணி வடியட்டும், இன்னொரு நாள் வருவோம்” என்றார். பூசைக்குக் கொண்டுவந்த வில்வத்தை ஓரத்துப் பாறைமீது வைத்துவிட்டு, பேத்தியின் கைபற்றி இறங்கத் தொடங்கினார்.