வானத்துல எங்கங்க நிக்கிறது?

கலிஃபோர்னியாவுல செஸ்னா 172-ல தனியாப் பறந்த மூணாவது நாள். முன்னாடி சான் ஹோசே விமான நிலையத்தோட 'சி' வகை வான்வெளி. கன்ட்ரோலர் நம்ம விமான எண்ணைச் சொல்லி "ஸ்டாண்ட் பை"ன்னாக்கூட உள்ளே போகலாம். (பக்கத்து சான் பிரான்சிஸ்கோ 'பி' வகை. அங்க "அனுமதி"ன்னு வாய்விட்டுச் சொல்லணும். மாணவன்னா வாத்தியார் கையெழுத்து வேற!)

எனக்கு வந்த பதில்: "கூப்பிட்ட செஸ்னா, ஸ்டாண்ட் பை."

எண்ணே சொல்லலை! எல்லைக்கு ரெண்டு மைல், அதாவது ஒரு நிமிஷம். நுழைஞ்சா விதிமீறல், லைசென்ஸ் கனவு அம்போ. மறுபடி கூப்பிடலாம்னா ரேடியோவுல ஜெட்காரங்க விடாம பேசறாங்க. உள்ளங்கை வேர்க்க, வெளியவே வட்டம் அடிச்சேன்.

ரெண்டாவது வட்டத்துல என் எண். அப்பாடா! பதில் சொல்லத்தான் குரல் வரலை :-)