சுருள மறுத்த பாய்

பாய்மரப் படகுல முன்னாடி இருக்கிற பாயைச் சுருட்டுறதுக்கு ஒரு சாதனம் உண்டு. ஃபர்லர்னு பேரு. ஏதோ மோட்டார் வெச்ச பெரிய சமாச்சாரம்னு நினைச்சுடாதீங்க. ஜன்னல்ல தொங்குற மூங்கில் தட்டியைக் கயிறு இழுத்துச் சுருட்டுறோம் இல்லையா, அதையே நெட்டுக்குத்தலா நிறுத்தி வெச்சா ஃபர்லர். நல்லா இருக்கிறவரைக்கும் இப்படி ஒண்ணு இருக்கிறதே ஞாபகம் வராது. மக்கர் பண்ணினா, இழுக்கத் தோணுற அளவுக்கு இழுக்கக் கூடாது. ஏன்னு சொல்றதுக்குத்தான் இந்தப் பதிவு.

முதல்ல கொஞ்சம் உடற்கூறு. பாய்மரத்து உச்சியில இருந்து படகோட மூக்கு வரைக்கும் ஒரு இரும்புக் கம்பி வடம் வரும். அது ஃபோர்ஸ்டே. பாய்மரம் பின்பக்கமா சாயாம முன்னாடியிருந்து பிடிச்சு நிறுத்துறது அதுதான். அந்த வடத்தைச் சுத்தி அலுமினியக் குழாய் மாதிரி ஒரு உறை. உறையில ஒரு பள்ளம், அதுல பாயோட விளிம்பு ஏறும். கீழ மூக்குல ஒரு ட்ரம். அதுல சுத்தின கயிறு நாம உக்காந்திருக்கிற இடம் வரைக்கும் வரும். அதை இழுத்தா ட்ரம் சுத்தும், கூடவே உறை சுத்தும், பாய் சுருளும்.

மேல இருக்கிறதுதான் முக்கியமான ஆசாமி: ஸ்விவல். ரெண்டு பாகம். கீழ்ப்பாகத்துல பாயோட தலை மாட்டியிருக்கும், அது பாயோட சேர்ந்து சுத்தணும். மேல்பாகத்துல பாயை ஏத்துற கயிறு (ஹால்யார்ட்) கட்டியிருக்கும், அது சுத்தவே கூடாது. ஒரே உருப்படியில பாதி ஆடணும், பாதி அசையாம நிக்கணும். நூறு வருஷத்துக்கு முன்னாடி இங்கிலாந்துல வந்த வைக்கம்-மார்ட்டின் சுருட்டியிலேயும் கீழ ட்ரம், மேல ஸ்விவல்தான். (அந்த வைக்கம் வேற, நம்ம பெரியார் போன வைக்கம் வேற.)

நானும் ஆபீஸ்ல கூட ஆணி புடுங்குற அண்ணன் ஒருத்தரும் பாதிப் பாதி காசு போட்டு 2024 மார்ச்ல ஒரு பழைய 27 அடிப் படகு வாங்கினோம். சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவுல, பெர்க்லி மரீனாவுல நிக்குது. அண்ணனுக்குத் தூத்துக்குடி. பாய் கட்டின தோணி கொழும்புக்குப் போன கதையெல்லாம் கேட்டு வளர்ந்தவர். நான் எஞ்சினியரிங் படிச்சதைத் தவிர தண்ணிக்குச் சம்பந்தமே இல்லாத சேலத்துக்காரன்.

இந்த விரிகுடாவுக்கு ஒரு குணம் உண்டு. கோடையில காலையில ஆளையே காணோம்னு இருக்கும் காத்து, மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல பேயாட்டம் ஆடும். உள்நாட்டுச் சமவெளி வெயில்ல காய, அங்க காத்து சூடாகி மேல எழும்ப, கடல்ல இருக்கிற குளிர்காத்து கோல்டன் கேட் சந்து வழியா உள்ள பாயும். 20, 25 நாட் சர்வ சாதாரணம். ஜூலையில ஒரு சனிக்கிழமை நாங்க அல்கட்ராஸ் தீவைத் தாண்டி இருந்தப்போ இந்தக் காத்து ஆரம்பிச்சது. முன்பாயைப் பாதி சுருட்டிடலாம்னு கயிறை இழுத்தேன். ரெண்டு சுத்து வந்துச்சு. அதோட நின்னுச்சு. செவுத்துல முட்டின மாதிரி.

"ஏல, வின்ச்சுல போட்டு இழுல"ன்னார் அண்ணன்.

வின்ச்ங்கிறது கயிறு இழுக்குற உருளை. கைப்பிடியைப் போட்டுச் சுத்தினா நம்ம பலம் பல மடங்காகும். எல்லாருக்கும் முதல்ல தோணுற யோசனை அதுதான். பாய் படபடன்னு துப்பாக்கி சுடுற மாதிரி அடிக்குது, படகு சாயுது, பின்னாடி பெர்க்லி கரையை நோக்கி காத்து நம்மளத் தள்ளுது. இந்த நேரத்துல கையில ஒரு வின்ச் சும்மா இருக்கு!

"வேண்டாம்ணே. முதல்ல மேல பாருங்க."

இந்த ஒரு விஷயத்துல பொட்டி தட்டுற பழக்கம் கைகொடுத்துச்சு. பிழைச் செய்தி வர்ற வரியிலதான் பிழை இருக்கும்னு எவனும் நம்புறதில்லை. கயிறு நிக்குறது நம்ம கையில, நிறுத்துறது வேற எங்கேயோ. பைனாகுலரை வெச்சுப் பார்த்தா விஷயம் பளிச்னு தெரிஞ்சுது. ஹால்யார்ட் உறையைச் சுத்தி ஒண்ணரைச் சுத்து, மரத்துல பாம்பு ஏறின மாதிரி. ஸ்விவலோட மேல்பாகமும் சேர்ந்து சுத்தியிருக்கு.

இப்போ வின்ச்சுல போட்டிருந்தா? கீழ ட்ரம் உறையைத் திருப்பும், மேல ஹால்யார்ட் விடமாட்டேன்னு பிடிக்கும். உறை முறுங்கும். அதுவும் போதலைன்னா உள்ள இருக்கிற வடத்தோட இழைகள் பிரியும். அந்த மாதிரி வடத்துல 19 இழை. ஒவ்வொண்ணா போகும். ஃபோர்ஸ்டே போனா பாய்மரம் நம்ம தலைமேலதான். அண்ணன் ஒரு நிமிஷம் அண்ணாந்து பார்த்துட்டு, கைப்பிடியை எடுத்து அதோட இடத்துல சொருகி வெச்சார். அதுக்கப்புறம் அதைப் பத்தி பேசலை.

படகைத் திருப்பி காத்தை முதுகுக்கு விட்டோம். அப்படிப் போனா பெரிய பாய் முன்பாயை மறைக்கும், படபடப்பு பாதியாயிடும். காத்து பாய்மரத்தை முன்பக்கமா தள்ளுறதால ஃபோர்ஸ்டேக்கும் சுமை குறையும். ஏஞ்சல் தீவோட கிழக்குப் பக்கம் மறைவுக்குப் போய், பாயோட ஷீட் கயிறை மெதுவா இழுத்து, பாயைச் சுருட்டாம முழுசா *விரிச்சோம்*. எதிர்ப்பக்கம் சுத்தினதும் ஹால்யார்ட் தானா பிரிஞ்சு வந்துச்சு. உடனே ஹால்யார்டைத் தளர்த்தி பாயை மொத்தமா டெக்குல இறக்கி, அண்ணன் அதுமேலயே உக்காந்துட்டார். எஞ்சின்ல வீடு.

அடுத்த வாரம் தொங்கு நாற்காலியில என்னை மேல ஏத்தினார் (எடை கம்மியா இருக்கிறதுக்குக் கிடைக்கிற மரியாதை). காரணம் எளிது. முந்தின சொந்தக்காரர் வேற படகோட பாயை வாங்கி மாட்டியிருக்கார். உயரம் மூணடி கம்மி. அதனால ஸ்விவல் உச்சிக்கு மூணடி கீழயே நின்னுச்சு. அங்கேயிருந்து ஹால்யார்ட் ஃபோர்ஸ்டேக்கு ஏறக்குறைய இணையா ஓடுது. இணையா ஓடுற கயிறுக்கு ஸ்விவலைப் பிடிச்சு நிறுத்துற பிடிமானம் கிடையாது. ஹால்யார்ட் பின்பக்கமா சுமார் 8 முதல் 10 டிகிரி விலகி இழுத்தாதான் மேல்பாகம் அசையாம நிக்கும். மெல்லிய காத்துல ஸ்விவல் மேல சுமையில்லை, அதனால அதுவரைக்கும் சமாளிச்சிருக்கு. சுமை ஏறினதும் உள்ள உராய்வு ஏறி, கீழ்ப்பாகம் மேல்பாகத்தையும் இழுத்துட்டுப் போயிடுச்சு.

வைத்தியம்: பாயோட தலைக்கும் ஸ்விவலுக்கும் நடுவுல மூணடிக் கம்பி வடம், ரெண்டு முனையிலும் வளையம். பாய் இருந்த இடத்துலயே இருக்கும், ஸ்விவல் மட்டும் உச்சிக்குப் போகும். மேல போகப் போக கோணம் விரியும், வேற வித்தையே தேவையில்லை. பாயோட உயரம் சரியா இருந்தும் கோணம் கிடைக்காத படகுகளுக்கு, பாய்மரத்து முன்பக்கம் ஒரு சின்ன வளையத்தைத் திருகி ஹால்யார்டைப் பின்னுக்கு இழுத்து வைப்பாங்க.

எல்லாச் சிக்கலும் மேலதான்னு சொல்லலை. செவுத்துல முட்டின மாதிரி டக்னு நின்னா மேல பாருங்க. சும்மா தொங்குற இன்னொரு ஹால்யார்ட் பாயோட சேர்ந்து சுருண்டிருந்தாலும் இப்படித்தான் நிக்கும். ஆரம்பத்துல இருந்தே சுத்த கனமா இருந்தா பேரிங்ல உப்பு, நல்ல தண்ணி விட்டுக் கழுவணும். ட்ரம்ல கயிறு ஒண்ணுமேல ஒண்ணு ஏறி மாட்டினா, பாயை விரிக்கும்போது கயிறை லேசா இழுத்துப் பிடிக்காம விட்டதோட பலன். அப்புறம், பலத்த காத்துல பாய் இறுக்கமா சுருளும், அதனால சுத்து அதிகம் வேணும். கரையில கட்டிப்போட்டுச் சுருட்டிப் பார்த்தப்போ போதுமா இருந்த கயிறு அங்க பத்தாம போகலாம். நாலஞ்சு சுத்து மிச்சம் வெச்சுக்கணும்.

வடம் மாட்டினப்புறம் ஆகஸ்ட்ல மறுபடி அதே இடம், அதே மத்தியானக் காத்து. ஒரு கையால இழுத்தேன், சுருண்டுச்சு. அண்ணன் மட்டும் கயிறைப் பார்க்கலை, அண்ணாந்து உச்சியையே பார்த்துட்டிருந்தார்.

"சுத்தலை. இழுல."