ஏஜெண்டு வந்துபோன மலை

கேமரன் மலையின் ஹாபு பக்கம் ஓய்வுபெற்ற தேயிலைத் தொழிலாளி ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். பேச்சு புகார், மனு என்று திரும்பியபோது அவர் சொன்னார்: “எங்க அப்பா காலத்துல இந்தியாவுலேருந்து ஒரு ஏஜெண்டு வருவாராம்யா. அவருகிட்ட தான் வாயத் தெறந்து குறையைச் சொல்லலாமாம்.” யார் இந்த ஏஜெண்டு? கேமரன் மலைக்கு யார் இவரை அனுப்பியது? இதைத் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை.

தேடிப் போனபோது 1922-ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்தில் அவர் அகப்பட்டார். கடல் கடந்து உழைக்கப் போனவர்களின் நலனைக் கவனிக்க, அவர்கள் போய்ச்சேர்ந்த நாட்டிலேயே இந்திய அரசு ஓர் ஏஜெண்டை வைத்துக்கொள்ள அந்தச் சட்டம் வழிசெய்தது. மலாயா ஏஜெண்டுக்குக் கோலாலம்பூரில் அலுவலகம். தோட்டங்களுக்குப் போவார், லயம், கூலி, பள்ளிக்கூடம், கள்ளுக்கடை என்று விசாரிப்பார், ஆண்டுதோறும் அறிக்கை எழுதுவார். அறிக்கை அச்சாகி வெளியாகும்.

துரைக்கு உத்தரவிட அவருக்கு அதிகாரமில்லை. இருந்தும் துரைமார் அவரைப் பொருட்படுத்தினார்கள் என்றால், இந்தியாவிலிருந்து ஆள் வருவது நின்றுபோகும் என்ற அச்சம் அதற்குக் காரணம். 1920களின் கடைசியில் நிர்ணயமான கூலி ஆணுக்கு நாளைக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பகாங்கின் உட்பகுதி போன்ற எட்டாத இடங்களில் 58-ம் 46-ம். இந்தக் காலத்தில்தான், 1929-இல், ஜே. ஏ. ரஸ்ஸல் இந்த மலையில் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தாப்பாவிலிருந்து மலையேறும் சாலை அப்போது புதிது. பகாங் மாநிலத்தில் இருந்தாலும் மலைக்கு அன்று வாசல் பேராக் பக்கம்தான். கோலாலம்பூரிலிருந்து ஓர் அதிகாரி இத்தனை வளைவுகளைக் கடந்து மேலே வருவது லேசான காரியமாக இருந்திருக்காது.

1936 டிசம்பரில் இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய இந்திய அரசு வி. எஸ். சீனிவாச சாஸ்திரியை மலாயாவுக்கு அனுப்பியது. அடுத்த ஆண்டு வெளியான அவருடைய அறிக்கை, பொருளாதார மந்தநிலையில் வெட்டப்பட்ட கூலியைப் பழையபடி 50, 40 காசாக்கச் சொன்னது. கங்காணி ஆள்சேர்ப்பை நிறுத்தச் சொன்னது. தோட்ட நிலைமை பொதுவாகத் திருப்தி என்றும் சொன்னது. மலாயா மத்திய இந்தியர் சங்கம் இந்தத் ‘திருப்தி’யைக் கடுமையாகக் கண்டித்தது. அந்தக் கண்டனம் நியாயம் என்றே நினைக்கிறேன். 1938-இல் தோட்ட முதலாளிகள் கூலியை மறுபடி குறைத்ததும், ஜூன் மாதம் இந்தியா உதவிபெற்ற குடிபெயர்வை, அதாவது பயணச் செலவு தந்து ஆளைக் கொண்டுபோவதை, தடைசெய்தது. ஏஜெண்டின் அறிக்கைகளுக்குப் பின்னால் இருந்த பலம் அப்போது வெளிப்பட்டது.

ஆனால் 1941-இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது முன்வைத்த கோரிக்கைகளைப் படித்துப் பாருங்கள். துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும். சொந்தக்காரரும் நண்பர்களும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக வேண்டும். கூடிப் பேச உரிமை வேண்டும். ஏறத்தாழ இருபது ஆண்டு ஏஜெண்டு வந்துபோன பிறகும் கேட்க வேண்டியிருந்தவை இவை! அவர்களுக்குத் தலைமை தாங்கிய ஆர். எச். நாதன் கைதாகி நாடுகடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் ஐந்து பேர் இறந்தார்கள்.

இந்த இடத்தில் எனக்கு ஒன்று பிடிபட்டது. ஏஜெண்டு குறையைக் கேட்டுவிட்டு மாலையில் மலை இறங்கிவிடுவார். குறை சொன்னவர் திரும்பிப் போவது லயத்துக்கு. அந்த லயமோ தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும். பிள்ளைகளை வைத்துக்கொண்டு அன்றிரவு எங்கே படுப்பது?

மக்களின் புகாரை விசாரிக்கும் ஓம்புட்ஸ்மேன் என்ற பதவியின் வரலாற்றையும் இந்தக் கேள்வியோடுதான் படித்தேன். போரில் தோற்றுத் துருக்கியர் மண்ணில் தங்கியிருந்த சுவீடன் மன்னர் பன்னிரண்டாம் சார்லஸ், ஊரிலிருந்த அதிகாரிகளைக் கண்காணிக்க 1713-இல் ஒருவரை நியமித்தார். 1809-இல் அங்கே நாடாளுமன்றமே அப்படியொரு பதவியை உண்டாக்கியது. கண்காணிப்பவர் மன்னருக்குக் கட்டுப்பட்டவராக இல்லாமல் போனதுதான் பெரிய மாற்றம். காமன்வெல்த் நாடுகளில் முதலாவதாக நியூசிலாந்து 1962-இல் இதை ஏற்றது. மலேசியா 1971-இல் பொதுப் புகார் பிரிவை அமைத்தது, ஆனால் பிரதமர் துறையின் கீழ். அரசாங்கத்தின் மேல் வரும் புகாரை அரசாங்கத்தின் ஓர் அங்கமே விசாரிக்கும் ஏற்பாடு இது. நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்லும் அலுவலகம் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இன்று காப்புறுதிப் பணம் மறுக்கப்பட்டால், அந்த நிறுவனத்தின் இறுதிப் பதில் வந்த ஆறு மாதத்துக்குள் நிதிச் சந்தை ஓம்புட்ஸ்மேன் சேவைக்கு எழுதலாம். 2025 ஜனவரி 1 முதல் அது இந்தப் பெயரில் இயங்குகிறது. புகார்தாரருக்குச் செலவில்லை. அதன் தீர்ப்பை அவர் ஏற்றுக்கொண்டால் நிறுவனம் கட்டுப்பட வேண்டும். ஏற்காவிட்டால் அவர் நீதிமன்றம் போகலாம். நல்ல ஏற்பாடு. காப்புறுதி நிறுவனத்தின் மேல் புகார் கொடுத்ததற்காக யாரும் வீட்டைவிட்டு இறங்க வேண்டியதில்லை.

கூலிப் பாக்கி என்றால் தொழிலாளர் இலாகா. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் அதற்கு விசாரித்துத் தீர்ப்பளிக்கும் அதிகாரத்தையே தந்திருக்கிறது. அன்றைய ஏஜெண்டுக்கு இல்லாத அதிகாரம். நியாயமில்லாமல் வேலைநீக்கம் செய்தால் 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் முறையிட வேண்டும். 61-ஆம் நாள் போனால் பயனில்லை. தோட்டத்தில் ஒவ்வொருவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது மலையில் பெரும்பாலும் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்களே கொழுந்து எடுக்கிறார்கள். இந்த 60 நாள் அவர்களுக்கும் உண்டு. ஆனால் அவர்களுடைய பெர்மிட் ஒரே முதலாளியோடு கட்டப்பட்டது. வேலையிலிருந்து நீக்கினால் பெர்மிட்டும் போய்விடும். வழக்கு முடியும்வரை நாட்டில் இருக்கக் குடிநுழைவு இலாகாவில் காசு கட்டிச் சிறப்பு பாஸ் எடுக்க வேண்டும், அதையும் மாதாமாதம் புதுப்பிக்க வேண்டும். அந்தப் பாஸில் வேலை செய்ய அனுமதியில்லை. வாடகைக்கும் சோற்றுக்கும் அவர்கள் எங்கே போவார்கள்? புகார் விசாரணை நடக்கும்வரையாவது அவர்களை வேலை செய்ய விட வேண்டும். தொழிலாளர் இலாகாவும் குடிநுழைவு இலாகாவும் ஒரே அரசாங்கத்தின் கீழ்தான் இருக்கின்றன.