பேங்கர் சத்தம்

என் அப்பா கூட்ஸ் கார்டு. பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டால் 'ரயில்வேல வேலை' என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். டிரைவர் என்றால் பெருமையாகச் சொல்லலாம். கடைசிப் பெட்டியில் கொடியோடு உட்கார்ந்திருப்பவரைப் பற்றி என்ன சொல்வது?

நாங்கள் அரக்கோணத்தில், பாட்டி வீட்டில். அப்பாவுக்கு ஹூப்ளியில் டூட்டி. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவார். மூன்று நாள் இருப்பார். நானும் தங்கச்சியும் 'அப்பா... அப்பா...' என்று பின்னாலேயே அலைவோம். பாதி நேரம் திரும்பியே பார்க்க மாட்டார். "உங்கப்பாவுக்கு நெனப்பெல்லாம் அந்த மலையிலதான்" என்பாள் அம்மா. நாங்களும் நம்பினோம். ஒரு வயதுக்கு மேல் கூப்பிடுவதையே விட்டுவிட்டோம்.

அம்மா போன மறு வருஷம், 2017 ஆகஸ்டில், "ஒரு தடவ காசில்ராக் பக்கம் போயிட்டு வரலாமாடா?" என்று அப்பாவே கேட்டார். அவர் எதையும் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. உடனே டிக்கெட் போட்டேன்.

'சென்னை எக்ஸ்பிரஸ்' படத்தில் ஒரு பெரிய அருவி வருமே, ஞாபகம் இருக்கிறதா? தூத்சாகர். கர்நாடகாவின் காசில்ராக்கிலிருந்து கோவாவின் குலேம் வரை சுமார் 26 கிலோமீட்டர் மலைப்பாதை, அந்த அருவியை ஒட்டித்தான் போகிறது. 1880-களில் போட்ட பாதை. 1961 வரை கோவா போர்த்துகீசியர் கையில் இருந்ததால், காசில்ராக்தான் எல்லை ஸ்டேஷன். 37 மீட்டர் போனால் ஒரு மீட்டர் ஏற்றம். காரில் போனால் இதெல்லாம் ஒரு மேடே இல்லை. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் ஏறுவதற்கு அது செங்குத்து. அதுவும் மழையில்!

அதனால் கூட்ஸ் வண்டிகளுக்கு முன்னால் இழுக்க இன்ஜின் போதாது. பின்னாலிருந்து தள்ளவும் இன்ஜின் வேண்டும். அதற்குப் பெயர் பேங்கர்.

குலேமில் தண்டவாளத்தை ஒட்டிய ஒரு வீட்டில் அறை எடுத்தோம். ராத்திரி பன்னிரண்டு மணி இருக்கும். ஓட்டு மேல் மழை. மார்முகோவா துறைமுகத்திலிருந்து கர்நாடக இரும்பாலைகளுக்கு நிலக்கரி ஏற்றிக்கொண்டு ஒரு கூட்ஸ் கிளம்பியது. முதலில் ஜன்னல் கம்பி அதிர்ந்தது. அப்புறம் தரை. அப்புறம்தான் சத்தம். அது காதில் கேட்கிற சத்தம் இல்லை, நெஞ்சில் கேட்கிற சத்தம். மலைக்குள் போய், வளைவில் மறைந்து, சுரங்கத்துக்குள் அமுங்கி, மறுபடி வெளியே வந்தது. அரை மணி நேரமாகியும் அது காட்டுக்குள் எங்கோ உறுமிக்கொண்டேதான் இருந்தது.

தூங்குகிறார் என்று நினைத்த அப்பா, இருட்டில் பேசினார்.

"முன்னால ரெண்டு. பின்னால மூணு."

"எப்பிடிப்பா தெரியுது?"

"சத்தம் ரெண்டா வருதுல்ல? அந்தக் காலத்துல பேங்கர் என் முதுகுக்குப் பின்னாலயே நிக்கும்டா. நடுவுல என் பிரேக் வேன். சுரங்கத்துக்குள்ள போனா புகையும் சத்தமும்தான். துண்ட நனைச்சு மூஞ்சில கட்டிக்குவேன்."

நாற்பது வருஷத்தில் அவர் வேலையைப் பற்றி என்னிடம் சொன்ன மிக நீளமான பேச்சு அதுதான். நானும் அதற்கு முன் கேட்டதில்லை.

மறுநாள் காலை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மேலேயிருந்து ஒரு கூட்ஸ் இறங்கி வந்தது. ஏறும்போது உறுமுகிற இன்ஜின், இறங்கும்போது வேறு மாதிரி கத்துகிறது. விமானம் கிளம்புவதற்கு முன் வருமே, அது மாதிரி ஒரு கீச்சொலி.

அப்பாதான் விளக்கினார். டீசல் இன்ஜினில் டீசல் நேராகச் சக்கரத்தைச் சுற்றுவதில்லை. மின்சாரம் தயாரிக்கிறது. மோட்டார்கள் சக்கரத்தைச் சுற்றுகின்றன. இறக்கத்தில் கணக்கு தலைகீழ். சக்கரம் மோட்டாரைச் சுற்ற, மோட்டார் மின்சாரம் தயாரிக்கும். அந்த இழுவைதான் பிரேக். வருகிற மின்சாரத்தைக் கம்பிச்சுருளில் விட்டுச் சூடாக வெளியேற்றிவிடுவார்கள்.

"அவ்வளவும் வேஸ்ட்டாப்பா?" என்றேன். படித்தது பி.காம். ஆயிற்றே!

"வேஸ்ட் இல்லடா. அந்தச் சூடு வெளிய போறதாலதான் வண்டி ஓடிப்போகாம இறங்குது. அது ஆறணும்னு ஃபேன் சுத்தும். நல்லாக் கத்தும்."

சொல்லிவிட்டு வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, மெதுவாகக் கேட்டார்.

"இப்ப கத்துதா?"

பக்கத்தில் நின்ற ஒரு சின்னப் பையன் காதைப் பொத்திக்கொண்டிருந்தான்.

சென்னை திரும்பியதும் காது டாக்டரிடம் அழைத்துப் போனேன். டாக்டர் ஒரு வரைபடத்தைக் காட்டினார். இடது பக்கம் ஓரளவு மேலே இருந்த கோடு, வலது பக்கம் சரேலென்று கீழே விழுந்திருந்தது. "வருஷக்கணக்கா பெரிய சத்தத்துல இருந்தவங்களுக்கு, மொதல்ல போறது கீச்சுன்னு வர்ற ஒலிகள்தான். காலிங் பெல், பொம்பளைங்க குரல், கொழந்தைங்க குரல். கனமான ஓசை ரொம்ப நாள் கேக்கும்" என்றார்.

குழந்தைகள் குரல்.

அன்று ராத்திரி தங்கச்சிக்கு போன் செய்தேன். ரொம்ப நேரம் அவள் பேசவில்லை. பிறகு, "அப்ப நாம கூப்பிட்டதெல்லாம்..." என்றாள். முடிக்கவில்லை. எல்லாத் தடவையும் அதனால்தான் அவர் திரும்பவில்லை என்று சொல்ல முடியாது. சில தடவையாவது அப்படி இருந்திருக்கும்.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். கத்தாதீர்கள். எதிரில் உட்கார்ந்து, முகம் பார்த்து, குரலைத் தாழ்த்தி, நிதானமாகப் பேசுங்கள். அப்படியே பேசினேன். மூன்று வருஷம் நிறையப் பேசினோம். 2020-ல் அப்பா போய்விட்டார்.

2022 ஜனவரியில் ஆபீஸில் ஒரு செய்தி வந்தது. இனிமேல் கார்டு இல்லை, 'டிரெயின் மேனேஜர்' என்று பதவிப்பெயரை மாற்றியது ரயில்வே. அப்பா இருந்திருந்தால் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுச் சிரித்திருப்பார்.

உங்கள் வீட்டிலும் கூப்பிட்டால் திரும்பாத ஒருவர் இருக்கலாம். கோபித்துக்கொள்வதற்கு முன்னால் ஒரு தடவை, எதிரில் போய், குரலைக் கொஞ்சம் தாழ்த்திக் கூப்பிட்டுப் பாருங்களேன்.